டேப்பிங் செய்தால் பிரஷர் குறையும் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா?

கேள்வி: பெங்களூரில் அம்மா ஞாயிறுதோறும் டேப்பிங் (முகத்திலும் உடம்பிலும் சில புள்ளிகளில் விரலால் தட்டி மனக்கலக்கத்தைத் தணிக்கும் முறை) வகுப்புக்குப் போகிறார். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் 24 சதவீதம் இறங்கும், போகப் போக பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று அங்கே சொல்கிறார்களாம். நம்பலாமா?

பதில்: வகுப்புக்குத் தாராளமாகப் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

அந்த 24 சதவீதம் நிஜமான கணக்குதான். 2012-ல் டாசன் சர்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் 83 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டேப்பிங், இன்னொன்றுக்கு ஆறுதலான பேச்சு, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தார்கள். தொடங்கும் முன்பும், முடிந்து அரை மணி கழித்தும் எச்சிலில் கார்டிசால் பார்த்தார்கள். டேப்பிங் பிரிவில் சுமார் 24 சதவீதம் இறங்கியது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் சுமார் 14 சதவீதம் இறங்கியிருந்தது. வகுப்புகளில் இதைச் சொல்வதில்லை. சும்மா இருந்தவர்களுக்கே 14 என்றால், டேப்பிங்கின் கணக்கில் சேருவது மிச்சம் 10 தான். 2020-ல் பெட்டா ஸ்டேபிள்டன் குழு 53 பேரிடம் திரும்பச் செய்தபோது வித்தியாசம் இன்னும் பெரிதாகவே வந்தது. ஆனால் இரண்டுமே அன்றைக்கு மட்டும் எடுத்த அளவுகள். இருவருமே இந்த முறையைக் கற்றுக்கொடுப்பவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிரஷருக்கு ஆதாரம் இதைவிட மெலிது. 2019-ல் வந்த ஓர் ஆய்வில் இறங்கியது உண்மை. ஆனால் உடல் அளவுகள் எடுக்கப்பட்டது 31 பேருக்குத்தான், ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. சில்க் போர்டு நெரிசலில் சிக்கி, மாடிப்படி ஏறி வந்தவுடன் பிரஷர் கருவியின் பட்டையைக் கட்டினால் ஓர் அளவு வரும். இரண்டு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்தபின் பார்த்தால், தட்டினாலும் தட்டாவிட்டாலும் அது குறைவாகத்தான் இருக்கும்.

புள்ளி தவறிவிட்டதே என்று அம்மா பதற வேண்டாம். 2003-ல் 119 மாணவர்களின் பயத்தை வைத்து ஒரு சோதனை நடந்தது. சரியான புள்ளிகளில் தட்டியவர்கள், கையில் வேறெங்கோ தட்டியவர்கள், பொம்மையைத் தட்டியவர்கள் என மூன்று பிரிவினருக்குமே பயம் குறைந்தது. எதுவும் செய்யாதவர்களுக்குக் குறையவில்லை. 2015-ல் ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வு, சரியான புள்ளிகளே மேல் என்றது. வழக்கு இன்னும் தீரவில்லை. என் கணிப்பில், பயத்தை மனதில் நிறுத்திக்கொண்டே உடம்பைத் தளர்த்துவதில்தான் பெரும்பகுதி பலன்.

வீட்டில் செய்ய: கலக்கத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரச் சதையில் தட்டியபடி, "நாளைக்கு ரிப்போர்ட் என்ன வருமோன்னு நெஞ்சு படபடத்தாலும், என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்" என்று மூன்று முறை. பிறகு புருவத்தின் உள்முனை, கண்ணின் வெளியோரம், கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, மோவாய்க் குழி, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, அக்குளுக்கு நாலு விரல் கீழே, உச்சந்தலை. ஒவ்வொன்றிலும் இரண்டு விரலால் ஐந்தாறு மென்மையான தட்டு, கூடவே "இந்தப் படபடப்பு" என்று ஒரு சொல். சுற்று முடிந்ததும் மறுபடி மதிப்பெண்.

மதிப்பெண் அசையாவிட்டால் பெரும்பாலும் வாக்கியம்தான் காரணம். "எல்லாமே டென்ஷன்" என்றால் மனசுக்குப் பிடி கிடைக்காது. எந்த நாள், எந்த முகம், உடம்பில் எந்த இடம் என்று குறுக்க வேண்டும். விபத்து, வன்முறை போன்ற பழைய காயங்களைத் தனியாக உட்கார்ந்து கிளறக் கூடாது. அதற்கு பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பிரஷர் நிஜமாகவே இறங்குகிறதா என்று பார்க்க, இரண்டு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் அளந்து எழுதுங்கள். அரை மணி முன்பிருந்தே காபி கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, துணி மேல் கட்டாமல் வெறுங்கையில் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள். குறைப்பதென்றால் அவரே படிப்படியாகக் குறைப்பார். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட எகிறும்.