கடைசிக் கட்டத்தில் நல்ல கையை எப்போது கீழே வைப்பது? போக்கர் டோர்னமென்ட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு. எல்லோரிடமும் சம சிப் (பணயம் வைக்கும் வில்லை). ஒருவர் ஆல் இன், அதாவது தன் சிப் முழுவதையும் போட்டார், என்னிடம் ஏஸ் கிங். ஃபோல்ட் செய்தேன், சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். நண்பர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். நான் செய்தது தப்பா?

பதில்: தப்பில்லை. கணக்கைப் பார்த்துவிடலாம். மொத்தப் பரிசு 100, அது 50, 30, 20 என்று பிரிகிறது என்று வையுங்கள். பிளைண்டை (சீட்டு வருமுன் முறைப்படி இருவர் போடும் சிறிய, பெரிய கட்டாயப் பணயம்) இப்போதைக்கு விட்டுவிடுவோம். நான்கு பேரிடமும் சம சிப் என்பதால் உங்கள் சிப்பின் இன்றைய மதிப்பு 25. கால் செய்து, அதாவது அவருக்குச் சமமாக நீங்களும் போட்டு, ஜெயித்தால் சிப் இரண்டு மடங்கு ஆகும், ஆனால் மதிப்பு 50 ஆகாது, சுமார் 38தான். தோற்றால் பூஜ்யம். 25-ஐப் பணயம் வைத்து 38-க்கு ஆடுகிறீர்கள் என்றால் நூற்றுக்கு 65 தடவையாவது ஜெயிக்க வேண்டும். சிப்பை மட்டும் எண்ணினால் 50 போதும் என்று தோன்றும். இடையில் இருக்கும் அந்த 15-தான் பபிளில், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்குப் பரிசு என்ற கட்டத்தில், உட்கார்ந்திருப்பதற்கான விலை.

இப்போது உங்கள் ஏஸ் கிங். எதிராளி சீட்டைப் பார்க்காமலே ஆல் இன் போடுகிற ஆளாக இருந்தால்கூட அது சுமார் 65-ஐத் தொட்டு நிற்கும், அவ்வளவுதான். அவரிடம் குயின் ஜோடி இருந்தால் 43 முதல் 46 வரைதான். உலகத்தில் யாரும் அந்த இடத்தில் சீட்டைப் பார்க்காமல் சிப் முழுவதையும் தள்ளுவதில்லை. நடுவில் பிளைண்டும் ஆன்டி என்ற இன்னொரு கட்டாயப் பணயமும் கிடந்தால் தேவை கொஞ்சம் இறங்கும், ஆனாலும் உங்கள் ஃபோல்ட் நல்ல ஃபோல்ட். நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: இந்த 38 எங்கிருந்து வருகிறது?

பதில்: ஐசிஎம் (Independent Chip Model) என்ற கணக்கு, சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றுவது. முதலிடம் வரும் வாய்ப்பு உங்களிடம் உள்ள சிப்பின் பங்குக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆளை விலக்கிவிட்டு மீதிப் பேருக்குள் இரண்டாம் இடத்துக்கும் அதே மாதிரி போடுவது. அடியில் இருக்கும் சூத்திரம் டேவிட் ஹார்வில் 1973-ல் குதிரைப் பந்தயத்துக்காக எழுதியது. யார் நன்றாக ஆடுகிறார், அடுத்த பிளைண்ட் யாருக்கு என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் கிங் ஜோடியையும் ஃபோல்ட் செய்துவிட வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கிங் ஜோடி குயின் ஜோடிக்கு எதிரே சுமார் 82, ஏஸ் கிங்குக்கு எதிரே 66 முதல் 70 வரை. ஏஸ் ஜோடி ஒன்றுதான் அதை 18-க்கு இறக்கும். மேலே சொன்ன 65 என்ற கோட்டை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிராகத் தாண்டிவிடுகிறது. எதிரே இருப்பவர் ஏஸ் ஜோடிக்கு மட்டுமே எல்லாவற்றையும் தள்ளுகிற ஆள் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் தவிர, கால்தான். பயத்தில் கிங் ஜோடியை வீசிவிட்டு ஐசிஎம் மேல் பழி போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கேள்வி: ஏஸ் ஜோடியையே ஃபோல்ட் செய்ய வேண்டிய நேரம் உண்டு என்கிறார்களே, அது வெறும் கதையா?

பதில்: கதையில்லை, சாட்டிலைட்டில் நடக்கும். பணத்துக்குப் பதிலாகப் பெரிய டோர்னமென்ட்டின் டிக்கெட்டைப் பரிசாகத் தரும் ஆட்டம் அது. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் அப்படி உள்ளே வந்துதான் உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார். மூன்று டிக்கெட் என்றால் முதலில் வந்தாலும் மூன்றாவதாக வந்தாலும் பரிசு ஒன்றுதான்.

நான்கு பேர், மூன்று டிக்கெட். உங்களிடம் 40,000, இன்னொருவரிடம் 40,000, மூன்றாமவரிடம் 18,000, நான்காமவரிடம் வெறும் 2,000. பெரிய பிளைண்ட் 2,000. அந்த இன்னொரு 40,000 உங்கள் மேல் ஆல் இன் வருகிறது, கையில் ஏஸ் ஜோடி. ஃபோல்ட் செய்தால் டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பு ஐசிஎம் படி 98. கால் செய்தால், எதிரே எந்த இரண்டு சீட்டாக இருந்தாலும் சராசரியாக 85. சீட்டை நல்ல மனசோடு கவிழ்த்து வையுங்கள். 40,000 எடுத்து வந்து தள்ளிய அந்த ஆளின் காரணம் என்ன என்பது அவருக்கே வெளிச்சம்.

கேள்வி: ஃப்ளாப்பில், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில், ஏழு, எட்டு, ஒன்பது, மூன்றும் ஒரே சூட் (ஒரே இனம்). என்னிடம் குயின் ஜோடி, அந்தச் சூட்டில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒருவர் வெளியேறினால் ஃபைனல் டேபிள் (கடைசி மேசை). எதிராளி ஆல் இன். சார், என்ன செய்வது?

பதில்: முதலில் அவருடைய சிப்பைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகம். அவரிடம் உங்கள் சிப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் தோற்றாலும் ஆட்டத்தில் இருக்கிறீர்கள், அப்போது கால் யோசிக்கக்கூடியது. அவரிடம் உங்களைவிட அதிக சிப் என்றால், தோற்றால் இந்த ஒரு கையில் வெளியே போவீர்கள், மேசையில் இருக்கும் அந்தச் சீட்டுகளும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஃபோல்ட். இரண்டு பெரிய ஸ்டாக்குகள் (அதிக சிப் வைத்திருப்பவர்கள்) பபிளில் ஒன்றையொன்று ஒதுங்கி நடப்பது இதனால்தான். பக்கத்து டேபிளையும் ஒரு கண் பாருங்கள். அங்கே ஒரு பெரிய பிளைண்டுக்கும் குறைவாக வைத்திருப்பவருக்கு அடுத்த கையில் பிளைண்ட் வருகிறது என்றால், உங்கள் ஃபோல்டின் மதிப்பு இன்னும் ஏறுகிறது.

கேள்வி: பாதிக்கு மேல் சிப்பைப் போட்ட பிறகு ஃபோல்ட் செய்ய மனசு வரவில்லையே?

பதில்: போட்டது உங்களுடையது இல்லை, பாட் எனும் நடுக் குவியலுடையது. இனிமேல் என்ன விலை என்று மட்டும் பாருங்கள். அந்தக் குவியலில் 50,000, நீங்கள் போட வேண்டியது 10,000 என்றால் சிப் கணக்கில் 17 போதும், பபிள் விலையைச் சேர்த்தாலும் நல்ல கைக்குக் கால்தான். ஆனால் அப்படி மாட்டிக்கொள்கிற ரெய்ஸைத்தான் (பணயத்தை ஏற்றுவதை) முன்னாடியே யோசித்திருக்க வேண்டும். உங்கள் சிப் பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழே இருந்தால் ரெய்ஸ் போட்டு ஃபோல்ட் என்ற வழியே வேண்டாம், ஒன்று தள்ளுங்கள், இல்லை விடுங்கள். தள்ளுகிறவருக்கு எதிராளி ஃபோல்ட் செய்யும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கும், கால் செய்கிறவருக்கு அது கிடையாது.

கேள்வி: கடைசி இருவர் மட்டும் மிச்சம் என்றால்?

பதில்: இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிட்டது. மிச்ச வித்தியாசத்துக்குத்தான் ஆட்டம், சிப் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றாகிவிடும். 51 இருந்தாலே கால் செய்யுங்கள்.