கல்லூரி வானொலியில் ஒரு மணி நேரம் முழுக்க ஒரே வகை இசையை ஏன் போடுகிறார்கள்?

வாரத்துக்கு ஒருமுறை ஜாஸ், கஜல், நாதஸ்வரம் என்று ஏதேனும் ஒரு வகையை மட்டும் ஒலிபரப்புவதுதான் தனி இசை நிகழ்ச்சி. காரணம் பணம். தனியார் எஃப்.எம். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கிறது. கேட்பவர் சற்று அலுத்தாலும் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுவார். ஆகவே அங்கே சினிமாப் பாட்டுதான் ராஜா.

பெங்களூரின் ரேடியோ ஆக்டிவ் 90.4 போன்ற கல்வி நிறுவன நிலையங்கள் சமுதாய வானொலி உரிமத்தில் இயங்குபவை. லாப நோக்கம் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. அதனால் தவில் மட்டும் தனியாக ஒலிக்கும் பத்து நிமிடப் பகுதியை நடுவில் வெட்டாமல் போடலாம். இன்ன தாளம், இந்த இடத்தில் கவனியுங்கள் என்று தொகுப்பாளர் முன்கூட்டியே சொல்லவும் நேரம் இருக்கும். (எனக்கு அந்த முன்னுரைதான் பாதி ருசி.) பெரிய ஓட்டலில் எல்லாமே கிடைக்கும், ஆனாலும் அல்சூரில் பணியாரம் மட்டும் சுடும் தள்ளுவண்டிக்கு ஆள் வராமலா போகிறது?

இந்த நிலையங்கள் கல்லூரி வளாகத்துக்குள் மட்டுமே கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பொதுவாக 100 வாட் திறன் கொண்டவை என்பதால் சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர் வரை சாதாரண எஃப்.எம். ரேடியோவிலேயே கேட்கலாம்.