மாஸ்க் கேட்டதற்கு வேலையை மாற்றிவிட்டார்கள்

கேள்வி: அக்கா, தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பூச்சி, களை மருந்து அடிக்கிறேன். மாஸ்க்கில் ஃபில்டர் தீர்ந்து பல வாரமாகிறது. கேட்டால், "போன தடவை வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், புதுசு வேண்டுமென்றால் சம்பளத்தில் பிடிப்போம்" என்கிறார் மண்டோர் (மேற்பார்வையாளர்). போன மாதம் கூட வேலை செய்யும் பெண் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் ஆபீசில் போய்ச் சொன்னேன். அடுத்த வாரமே என்னை உதிரிப் பழம் பொறுக்கப் போட்டுவிட்டார்கள், சம்பளமும் குறைந்துவிட்டது. கணவர் இதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். குடியிருப்பதும் தோட்டத்து வீடு. "வாயை மூடிக்கொண்டு இரு" என்கிறார். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் மாஸ்க் விஷயத்தைவிட அந்த வேலை மாற்றம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஃபில்டர் இல்லாததற்கு ஸ்டோரில் சரக்கு வரவில்லை, கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) மறந்துவிட்டார் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். புகார் சொன்ன ஆளை அடுத்த வாரமே குறைந்த சம்பளத்துக்குத் தள்ளியதற்கு என்ன சொல்வார்கள்? மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. பாதுகாப்பில்லை என்று புகார் செய்த காரணத்துக்காக மட்டும் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ, அவருக்குப் பாதகமாக வேலையை மாற்றவோ முதலாளிக்கு உரிமை கிடையாது.

நிர்வாகம் நழுவப் பார்க்கும் இடமும் இதுதான். "பழம் பொறுக்க ஆள் போதவில்லை, அதனால் மாற்றினோம்" என்பார்கள். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ஆபீசில் எந்தத் தேதியில், யாரிடம் சொன்னீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தத் தேதியில் மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் உள்ள சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சுமந்த பம்ப்பை இப்போது யார் சுமக்கிறார்? உங்கள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டிருந்தால், ஆள் போதவில்லை என்ற பேச்சு எடுபடாது.

சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்கிறது. பழையது தேய்ந்தால் மாற்றிக் கொடுப்பதும் முதலாளியின் செலவுதான். தயவுசெய்து உங்கள் காசில் வாங்காதீர்கள். அவசரத்துக்குத் துண்டைக் கட்டிக்கொண்டும் அடிக்காதீர்கள். துணி மருந்துச் சாரலை உறிஞ்சி, மூக்கோடும் வாயோடும் ஒட்டியே வைத்திருக்கும்.

கையெழுத்துப் புத்தகம் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் நிர்வாகம் முதலில் நீட்டுவது அதைத்தான். மலாயில் அச்சடித்த தாளில் மாஸ்க், கையுறை, பூட்ஸ், கண்ணாடி என்று வரிசையாக இருக்கும். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில்), லாரி கிளம்புகிற அவசரத்தில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்குவார்கள். இனிமேல் வாங்காத பொருளுக்கு நேராக 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான். முடிந்தால் போனில் ஒரு படம் எடுங்கள். கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாமல் விடுவது நம் பக்கத்துக் குற்றம், அதற்கும் அபராதம் உண்டு. வெயிலில் மூச்சு முட்டினாலும் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட வேண்டாம் என்று மற்றப் பெண்களிடமும் சொல்லுங்கள்.

"அப்படியென்றால் மருந்தே அடிக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிடலாமா?" என்று அவர்கள் கேட்கக்கூடும். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத் திருத்தத்தில் அப்படி ஓர் உரிமை இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், முதலில் முதலாளியிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் விலகிக்கொள்ளலாம். சொல்லாமல் விலகினால் 'வேலைக்கு வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அதனால் மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது போட்டுவிட்டு நகருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதைக் கோழைத்தனம் என்று நினைக்க மாட்டேன். வேலை போனால் வீடும் போய்விடுமோ என்ற பயம் தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும், தொழிலாளர் தரப்பு ஆட்களும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று ஆபீசில் கேளுங்கள். மருந்து அடிக்கும் பெண்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை அவர்கள் மூலமாகவும் தொழிற்சங்கக் கிளை மூலமாகவும் மானேஜருக்கே கொடுங்கள். மண்டோரோடு நின்றுபோன விஷயம் மானேஜர் காதுக்குப் போயிருக்காது என்பதும் நடக்கக்கூடியதுதான். கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை வாங்குங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஜேகேகேபி, அதாவது தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் புகார் கொடுங்கள். உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி புகாரிலேயே எழுதுங்கள். எம்எஸ்பிஓ, அதாவது மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்காக வரும் தணிக்கையாளர்களும் தொழிலாளர்களிடம் பேசுவார்கள். அவர்கள் வரும் நாளில் மட்டும் எல்லோர் முகத்திலும் புது மாஸ்க் ஏறினால், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். ஒருவேளை உங்களை வேலையை விட்டே நீக்கினால், 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். நாள் தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கடைசியாக, மயங்கி விழுந்த அந்தப் பெண். 'சாப்பிடாமல் வந்தாள்' என்று எழுதியதை அப்படியே விடக்கூடாது. மருந்து டின்னில் உள்ள லேபிளைப் படம் எடுத்து, அவரை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் அடித்தார், எப்போது வாந்தி வந்தது என்று டாக்டரிடம் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். லேபிளில் பாராகுவாட் என்று இருந்தால், அது 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து, உடனே தனியாகப் புகார் கொடுங்கள். வேலையிடத்து விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு, தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. தெரிவிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணே டாக்டர் எழுதிய தாளோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். நீங்களும் கூடப் போங்கள், நடந்ததை நேரில் பார்த்தவர் நீங்கள்.