ஏற்கெனவே சோதித்த காம்பொனென்ட்களை (தயாராகக் கிடைக்கும் மென்பொருள் பாகங்களை) வைத்துக் கட்டிய மென்பொருளை மறுபடி சோதிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. சிங்கப்பூரில் டெஸ்டராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒரு சாய்கோடுதான் ஞாபகம் வந்தது.

இங்கே நம் ஆட்கள் பலரின் அடையாள அட்டையில் பெயர் ‘முத்து எஸ்/ஓ ராமசாமி’ என்ற மாதிரி இருக்கும். பெண்களுக்கு டி/ஓ. இன்னாரின் மகன், மகள் என்பதன் சுருக்கம். ஒரு கிளினிக்குக்கு முன்பதிவு மென்பொருள் செய்தோம். படிவத்துக்கு ஒரு காம்பொனென்ட், பிடிஎப் ரசீதுக்கு இன்னொன்று. இரண்டும் வெளியிலிருந்து எடுத்தவை, நன்றாகச் சோதிக்கப்பட்டவை. படிவம் சாய்கோட்டை ஏற்றுக்கொண்டது, சரிதான். பிடிஎப் காம்பொனென்ட், நாம் கொடுக்கும் பெயரிலேயே கோப்பைச் சேமிக்கும், அதுவும் சரிதான். எங்கள் டெவலப்பர் நோயாளியின் பெயரையே கோப்புப் பெயராகக் கொடுத்திருந்தார். சர்வருக்குச் சாய்கோடு என்றால் போல்டர். ‘முத்து எஸ்’ என்ற போல்டரைத் தேடிப் போய், இல்லையென்று கையை விரித்துவிட்டது.

கவுன்டரில் இருந்த அக்காதான் சொன்னார்: “தம்பி, நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ரசீது வரமாட்டேங்குது.” அதைவிடத் துல்லியமான பக் ரிப்போர்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் டெஸ்டில் ஏன் மாட்டவில்லை? பிடிஎப் உருவாக நேரமாகிறது என்று, அதன் இடத்தில் ஒரு போலியை வைத்திருந்தோம். எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்று சொல்லும் தலையாட்டிப் பொம்மை. போதாக்குறைக்கு டெஸ்ட் டேட்டாவில் இருந்த பெயர் ‘ஜான் டான்’. என் அப்பா பெயரைப் போட்டிருந்தாலே அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எலைன் வேயுக்கர் என்ற ஆய்வாளர் 1986இலேயே இதை விதியாக எழுதிவிட்டார்: பாகங்களைத் தனித்தனியே போதுமான அளவு சோதித்திருந்தாலும் முழு மென்பொருளும் சோதிக்கப்பட்டதாகாது. இன்னொரு விதி அதற்குத் தலைகீழ்: முழுவதையும் நன்றாகச் சோதித்திருந்தாலும் உள்ளிருக்கும் பாகம் போதுமான அளவு சோதிக்கப்பட்டதாகாது.

இரண்டாவதற்கு ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டைச் சொல்லலாம். அதற்கு முந்தைய ஏரியன் 4இல் முழு ராக்கெட்டோடும் ஒழுங்காக ஓடிய திசையறியும் மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தார்கள். 1996 ஜூன் 4, முதல் பயணம். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதனால் 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அங்கே 32,767க்கு மேல் இடமில்லை. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள்தானே, அதுவும் படுத்துவிட்டது. 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஏரியன் 5 கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை. ஏரியன் 5இன் பாதையைக் கொடுத்து அந்தப் பாகத்தை யாரும் ஓட்டிப் பார்க்கவுமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். காம்பொனென்ட்டின் உள்ளே தோண்ட வேண்டாம், அதற்கு யாருக்கும் நேரமில்லை. உங்கள் ஊர்ப் பெயர், தேதி, தொகை எல்லாம் கொடுத்து, உங்கள் மென்பொருள் அதைப் பயன்படுத்தும் விதத்திலேயே பயன்படுத்திப் பார்க்கும் ஒரு இருபது டெஸ்ட் எழுதுங்கள். போலியை வைத்து தினமும் எத்தனை முறை ஓட்டினாலும் சரி, ராத்திரி ஒரு தடவையாவது நிஜ காம்பொனென்ட்டோடு ஓட்டுங்கள். அப்புறம், புது வெர்ஷன் வரும்போது வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த இருபதை ஓட்டுங்கள். ‘சின்ன அப்டேட்தான்’ என்று டெவலப்பர் சொன்னால், இரண்டு தடவை.