என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். இந்த முறை போகலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓட்டு விழுப்புரம் மாவட்டத்தில், சொந்த ஊரில் இருக்கிறது. போன தேர்தலுக்கு ராத்திரி பஸ் பிடித்து, பாதி வழி நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், "உன் ஓட்டு போட்டாச்சும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஊரில் ஒருவர், "நீ ஏன் அலையறே, கார்டை என்கிட்ட குடுத்து வை, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். இப்படி ஆனால் 49பி (49P) என்ற விதியைச் சொல்லிக் கேட்டு ஓட்டுப் போடலாம் என்றும் சொல்கிறார்கள். அது உண்மையா? நிற்கிற யாரையும் எனக்குப் பிடிக்கவும் இல்லை. போவதா, விடுவதா?

பதில்: போங்கள். கார்டை அவரிடம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

நீங்கள் ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே காலியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது அப்படியே இருந்துவிடாது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள், இறந்து இரண்டு வருஷம் ஆகியும் பெயர் நீக்கப்படாதவர்கள்: கள்ள ஓட்டுப் போடுகிறவனுக்குத் தேவையானதே இந்தப் பெயர்கள்தான். ஊரில் யார் வருவார், யார் வரமாட்டார் என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். போன முறை நீங்கள் வரமாட்டீர்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் ஓட்டு போயிற்று.

நான் பதினைந்து வருஷத்துக்கு மேல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் உங்களை யாரும் ஒரு வார்த்தையில் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

முதல் மேசையில் இருப்பவர் உங்கள் அடையாளத்தைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பார். பூத் ஏஜென்டுகள் தங்கள் கையில் உள்ள பட்டியலில் அதைத் தேடுவார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் முதல் அலுவலர் தன் பட்டியலில் உங்கள் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். பெண் வாக்காளர் என்றால் எண்ணைச் சுற்றி வட்டமும் போடுவார். இரண்டாவது மேசையில் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் நீங்கள் மறைப்புக்குள் போய்ப் பொத்தானை அழுத்துவது.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "போட்டாச்சு" என்று அவர் சொல்வது பெரும்பாலும் பட்டியலில் இருக்கும் கோட்டைப் பார்த்துத்தான். கோடு இருக்கிறது என்பதற்காக ஓட்டு விழுந்துவிட்டது என்று ஆகாது. காலை நெரிசலில் கோடு இடம் மாறிப் போகும். ஒருமுறை இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். முதல் மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே "போட்டாச்சு" என்றார். நான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. கணவர் பெயரும் ஒன்றுதான், கதவு எண் மட்டும் வேறு. காலையில் வந்துபோனது மற்றவர். கோடு மட்டும் இவர் வரியில் விழுந்திருந்தது. 17ஏ பதிவேட்டைப் புரட்டினால் இவருடைய எண் அதில் ஏறவே இல்லை. அவர் இயந்திரத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

ஆகவே "போட்டாச்சு" என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். "தலைமை அலுவலரைப் பார்க்கணும். 17ஏ-வில் என் எண்ணுக்குக் கையெழுத்து ஏறியிருக்கான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். அப்படிக் கேட்பவரைச் சும்மா அனுப்பிவிட எந்த அலுவலரும் துணிய மாட்டார்.

கையெழுத்தும் ஏறியிருந்தால்தான் நீங்கள் கேட்கும் 49பி. அது உண்மைதான். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. அலுவலகத் தமிழில் ஆய்வுக்குரிய வாக்கு என்பார்கள், நாங்கள் டெண்டர் ஓட்டு என்போம். உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால், தலைமை அலுவலர் உங்களிடம் அடையாளம் பற்றிச் சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் ஒரு தாள் வாக்குச்சீட்டைக் கொடுத்தாக வேண்டும். அது அவர் மனமிரங்கிச் செய்கிற உதவி கிடையாது, அவருக்கு விதித்த கடமை. சீட்டின் பின்பக்கத்தில் இது டெண்டர் வாக்குச்சீட்டு என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திடுவார். 17பி என்ற படிவத்தில் உங்கள் பெயரை எழுதி உங்கள் கையெழுத்தை வாங்குவார். நீங்கள் மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து, அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் போடுவார். இயந்திரத்தை நீங்கள் தொட முடியாது. "இயந்திரத்தில்தான் போடுவேன்" என்று வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்த 49பி-யைச் சுற்றித்தான் எவ்வளவு பொய். 2019 தேர்தலின்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, இன்னமும் தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டுகிறது. ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்கிறது அது. அப்படி ஒரு விதியே கிடையாது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49ஏ-வின்படி 'சேலஞ்ச் ஓட்டு' கேட்கலாம் என்றும் அதே செய்தியில் இருக்கும். 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. சேலஞ்ச் என்பது முற்றிலும் வேறு சங்கதி. நீங்கள் நீங்கள்தானா என்று ஓர் ஏஜென்ட் சந்தேகம் கிளப்பினால், அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார், அவ்வளவுதான். பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் எந்த விதி எண்ணைச் சொன்னாலும் ஓட்டு இல்லை. கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும் இல்லை. இதை நம்பி வந்து, வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தியை உங்களுக்கு யார் அனுப்பினாலும் மேலே அனுப்பாதீர்கள்.

இப்போது கசப்பான பகுதி. டெண்டர் ஓட்டை வாக்கு எண்ணிக்கை நாளில் எண்ண மாட்டார்கள். அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். முடிவு வந்து 45 நாட்களுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அது வெளிச்சத்துக்கு வரும். ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். கைநாட்டு வைக்கிறவர். அவருக்கு எழுதவே தெரியாது. 17ஏ-வில் அவர் எண்ணுக்கு எதிரே ஆங்கிலத்தில் சுழித்துப் போட்ட ஒரு கையெழுத்து இருந்தது. காலை நெரிசலில், ஏஜென்டுகள் எல்லோரும் தலையாட்ட, என் சாவடியிலேயே நடந்தது. சீட்டைக் கொடுத்தேன். முத்திரை குத்தி மடித்து என் கையில் வைத்துவிட்டு, "இதை எண்ணுவீங்களா சார்?" என்றார். எண்ணமாட்டோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப திருடினவன் ஓட்டு எண்ணிக்கையில சேரும், என்னுது சேராதா?" என்று கேட்டார். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு வாக்காளரையும் ஒரு படம் எடுத்துவைத்தால் பாதிக் கள்ள ஓட்டு நின்றுவிடும். எடுக்க ஆள் இல்லை என்கிறார்கள். அதே வாசலில் செல்ஃபி எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு வைக்க மட்டும் ஆள் கிடைக்கிறது.

அப்புறம் எதற்கு அந்தச் சீட்டு என்றால், திருட்டுக்கு எழுத்தில் சாட்சி அது ஒன்றுதான். நீங்கள் பேசாமல் திரும்பி வந்துவிட்டால், உங்கள் சாவடியில் எல்லோரும் ஒழுங்காக வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று அந்த நாளின் பதிவேடு சொல்லும். 17பி-யில் பெயர் ஏறினால் அப்படிச் சொல்ல முடியாது. வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில் அந்த உறைக்கு மதிப்பு வரும். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பற்றிய பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் மாநிலத்திலும் 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, 2021-இல் தியாகராய நகரில் 137.

போன முறை உங்களுக்கு அந்தச் சீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பல அலுவலர்கள் கொடுக்கத் தயங்குவார்கள். அதற்குத் தனிப் படிவம், தனி உறை, தனிக் கணக்கு. ராத்திரி பொருட்களை ஒப்படைக்கும்போது கேள்வி வேறு கேட்பார்கள். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் இயந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் சொல்கிறார்கள், டெண்டர் ஓட்டை ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

இந்த முறை பதினோரு மணிக்குப் போகாதீர்கள். சாதாரணமாகக் காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். எட்டுக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். கள்ள ஓட்டுக்காரன் முதலில் பார்ப்பது யார் இன்னும் வரவில்லை என்பதைத்தான். பஸ் தாமதமாகிவிட்டால் அதற்காகத் திரும்பிப் போய்விட வேண்டாம். நேரம் முடியும் கணத்தில் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுப்பார்கள், எவ்வளவு நேரமானாலும் அவர்கள் ஓட்டுப் போடலாம்.

சாவடிக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்கள் பட்டியலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் பேரு இல்லையே", "உன்னுது முடிஞ்சுதே" என்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். அவர்கள் சொல்வது எதற்கும் சட்டத்தில் மதிப்பு இல்லை. பெயரையும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ 1950-க்கு போன் செய்தோ இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூத் சிலிப் அடையாள ஆவணம் ஆகாது. 2019-இலிருந்து அதை அடையாளமாக ஏற்பதில்லை.

யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டா இருக்கிறது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர். மறுதேர்தல் வராது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டு நோட்டாவை அழுத்திவிட்டால் உங்கள் பெயரில் வேறு யாரும் இன்னொன்று போட முடியாது. வீட்டில் இருந்துவிடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

நீங்கள் திருப்பூரிலேயே தங்கிவிட்டீர்கள் என்றால் ஓட்டு இருக்க வேண்டிய இடமும் திருப்பூர்தான். ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு இருநூறு கொடு, ஐந்நூறு கொடு, பேரை ஏற்றித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். புதுப் பெயர் சேர்க்கிற படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்து, உங்களுக்கு இரண்டு இடத்தில் பெயர் வர வைத்துவிடுவார். அது குற்றம், பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. அதற்குச் சுமார் பத்து நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

கார்டு கேட்டவர் விஷயம். ஓட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்வதற்கு உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் வழி இல்லை. உங்கள் கார்டை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது ஆள்மாறாட்டம் ஒன்றுதான். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 172 அதைத்தான் சொல்கிறது. போன முறை உங்கள் கார்டு யாரிடம் இருந்தது என்று அம்மாவிடமோ மாமியாரிடமோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே ஆளனுப்பி வாங்குங்கள். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தால் அவர் பின்னால் அலைய வேண்டாம். அட்டை இல்லாமலே ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பேங்க் பாஸ்புக் என்று எதைக் காட்டியும் ஓட்டுப் போடலாம். ஆதாரை எடுத்துப் பையில் வையுங்கள், எட்டு மணிக்குள் போய் நில்லுங்கள், முதல் மேசையில் உங்கள் வரிசை எண்ணை நீங்களே சொல்லுங்கள்.