பட்டறைப் பதில்கள்: சுற்றாத பின்னுக்குச் சம்மட்டி எதற்கு?

கேள்வி: பாஸ், போன மாரியில் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டப் போன எங்கள் பெக்கோ (மண் வெட்டி அள்ளும் இயந்திரம்), அதற்குப் பிறகு வேலையில்லாமல் வளவிலேயே நிற்கிறது. இப்போது பின்பக்க பக்கட்டை மாற்ற வேண்டும். பக்கட்டை அசைக்கிற லிங்க்கின் பின் (pin, ஊடே போகிற தடித்த இரும்பு அச்சு) ஒருவாறு கழன்றுவிட்டது. ஆம் என்கிற கையோடு பக்கட் சேருகிற பின் அசையவே இல்லை. பெரிய சம்மட்டியால் அடித்ததில் பின்னின் தலை காளான் மாதிரி விரிந்துவிட்டது. வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா? (ஒரு வாசகர், ஏறாவூர்)

சம்மட்டியைக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வையுங்கள் தம்பி. விரிந்த தலையோடு பின் துளைக்குள் போகாது, அடிக்க அடிக்க இன்னும் இறுகும். விரிந்த ஓரத்தைக் கிரைண்டரால் சீவிப் பழைய வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இந்தப் பின்களின் மேல்தோல் கடுமையாக்கப்பட்ட இரும்பு, சம்மட்டியின் முகமும் அப்படித்தான். இரண்டும் நேருக்கு நேர் மோதினால் சில்லுத் தெறிக்கும். இடையில் மெதுவான இரும்புத் துண்டோ பித்தளையோ வைத்துத்தான் அடிக்க வேண்டும். கண்ணாடி போடாமல் என் பட்டறையில் யாரும் சம்மட்டியைத் தொட முடியாது, வண்டி முதலாளியாக இருந்தாலும் சரி.

என் கணக்கு இதுதான்: சுற்றுகிற பின் வரும், சுற்றாத பின் வராது. அதனால் தள்ளுவதை விட்டுவிட்டு, முதலில் சுற்ற வைக்கப் பாருங்கள். நம் மட்டக்களப்பு வாவியில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து கிடக்கிறது, முகத்துவாரத்தை வெட்டினால் கடலும் உள்ளே வரும். அந்தத் தண்ணீர் புஷ்ஷுக்குள் (ஆமில் பதித்த, பின் சுற்றுகிற இரும்பு வளையம்) போய் மாதக்கணக்கில் நின்றால் துரு பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு, பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. பூட்டு போட்டதுபோல் பிடித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்?

பாரம் பின்னில் இருந்தால் துருவே இல்லாத பின்னும் வராது. பக்கட்டை நிலத்தில் மட்டமாக இருத்தி, இருபக்கமும் மரக்கட்டை அண்டை கொடுங்கள். பூம் என்கிற பெரிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, ஆமின் பாரம் பின்னில் விழாத இடத்தைப் பிடியுங்கள். பின்னைப் பிடித்து வைக்கிற பூட்டு போல்ட்டைக் கழற்றிவிட்டீர்களா? சிரிக்காதீர்கள், போல்ட்டின் தலை உடைந்து, தண்டு உள்ளேயே மறைந்திருக்க, மேலிருந்து சம்மட்டி போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனிச் சோதனை. பின்னின் முகத்தையும் பக்கட் காதையும் (பின் ஊடே போகிற துளையுள்ள பக்கட்டின் தகடு) சேர்த்துச் சோக்கால் ஒரு நேர்கோடு போடுங்கள். பக்கட்டின் பல் மட்டும் நிலத்தில் படுகிற அளவுக்கு பூமைத் தூக்கி, ஆம் கையை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது, எட்ட நின்றே பாருங்கள். பக்கட் திரும்பியும் கோடு நேராகவே இருந்தால், புஷ்ஷில் குறையில்லை, காதில்தான் பிடித்திருக்கிறது. கோடு உடைந்தால் பின் ஆமோடு சேர்ந்து சுற்றுகிறது, புஷ்ஷுக்குள் பிடிப்பு. இப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் காதின் துளை முட்டை வடிவாகத் தேயும், பிறகு அதை நிரப்பிக் கடைவது தனிச் செலவு. பக்கட்டே திரும்பாவிட்டால் இரண்டு இடத்திலும் பிடிப்பு.

புஷ்ஷில் பிடித்திருந்தால் மெசினின் பலத்தையே பயன்படுத்தலாம். பின்னின் முகத்தில் ஒரு தடித்த இரும்புத் தகட்டை வெல்ட் பண்ணி, அதன் நுனி பக்கட்டில் முட்டி நிற்கும்படி விடுங்கள். பின் இனிப் பக்கட்டோடு நிற்கும். ஆம் கையை மெதுவாக அசைத்தால் துரு நொறுங்கிச் செம்மண் நிறத்தில் தூளாகக் கொட்டும். அந்தத் தூள் வரத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஏர்த்தைப் பின்னிலேயே பூட்டுங்கள். பின்னை முதலில் சூடாக்கி, ஈரமில்லாத 7018 வெல்டிங் குச்சி போட்டால் வெல்ட் வெடிக்காமல் பிடிக்கும்.

காதில் பிடித்திருந்தால் ஊறலும் சூடும்தான் வைத்தியம். பின் படுக்கையாக இருப்பதால் மேலே ஊற்றும் ஒயில் எல்லாம் வழிந்துபோகும். காதைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு கிண்ணம் கட்டி, அதற்குள் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். ஓட்டோமெட்டிக் கியர்பெட்டி ஒயிலும் (ஏடிஎஃப்) அசெற்றோனும் சரிபாதி கலந்தால் நன்றாக இறங்கும். தானாகப் பிரியும், குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். ஆனால் இது நெருப்பைக் கண்டால் பற்றும். காஸ் நெருப்பு எடுக்கிற நாளில் இதைக் கிட்டவும் கொண்டு வராதீர்கள். சூடு வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் டீசல் ஊறலும் வேண்டாம். முன்பே ஊற்றியிருந்தால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள்.

சூடு காதுக்குத்தான், பின்னுக்கல்ல. 50 மில்லிமீற்றர் துளையை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.12 மில்லிமீற்றர் விரியும், துருவின் பிடி விட அது போதும். நெருப்பு வைக்கு முன் கிறீஸ் நிப்பிளைக் கழற்றுங்கள். உள்ளே அடைபட்ட கிறீஸ் சூட்டில் ஆவியாகி வெடித்துப் பாய்ந்தால் முகம் போகும். காதில் ஒரு சிறு இடத்தைக் கிரைண்டரால் வெள்ளையாக்கிக் கொண்டு, நெருப்பைச் சுற்றிச் சுற்றி விடுங்கள். அந்த இடம் முதலில் வைக்கோல் மஞ்சளாகும், அப்புறம் ஊதா, பிறகு நீலம். நீலம் என்றால் ஏறத்தாழ 300 பாகை, அதோடு நெருப்பை எடுத்துவிடுங்கள். சிவக்கும் வரை போகத் தேவையில்லை. கொஞ்சம் ஆறியதும் மெழுகுதிரியைப் பின்னும் காதும் சேரும் கோட்டில் தேயுங்கள். உருகி, மெல்லிய புகையோடு அந்தக் கோட்டுக்குள் தானே இழுபட்டுப் போகும். கனமான சம்மட்டி ஒன்றைக் காதின் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் தட்டுங்கள். அப்புறம் பின்னின் முகத்தில் ஒரு தகட்டை வெல்ட் பண்ணி, அதில் நீளக் குழாய் போட்டுச் சுற்றிப் பாருங்கள். முதல் தடவையில் வராது, சுடுவதும் ஆற விடுவதும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுற்றத் தொடங்கியதும் ஒரு தடித்த மரைக்கம்பியைப் பின்னில் வெல்ட் பண்ணி, குழாய்த்துண்டு, தகடு, நட் போட்டு இறுக்கினால் அலுங்காமல் வெளியே வரும். கம்பியின் நேரே யாரும் நிற்கக்கூடாது.

வெட்டுவது கடைசி வழி. அப்போதும் பின்னின் நடுவில் காஸால் ஒரு துளை ஊடே போனால், ஆறும்போது பின் சுருங்கி விட்டுக்கொடுக்கும். அதைக் கை தேர்ந்தவரிடம் விடுங்கள். அந்தத் தீ காதைத் தின்றால் பக்கட்டும் போகும்.

கேள்வி: பிரேக் கிளீனர் அடித்துவிட்டு உடனே காஸ் வைக்கலாமா? (திருக்கோவில் வாசகர்)

கூடாது. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. அது நெருப்பிலோ வெல்டிங்கிலோ பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். முதல் உலகப் போரில் எதிரியைக் கொல்லப் பாவித்த வாயுக்களில் அதுவும் ஒன்று. மற்ற வகைகள் பற்றி எரியும். எதுவானாலும் துடைத்து, காய்ந்து, காற்றோட்டமான இடத்தில்தான் நெருப்பு.

கேள்வி: காக்கா, ஹைட்ரோலிக் சிலிண்டர் பின்னும் இறுகிப் போயிருக்கு. அதுக்கும் இதே சூடுதானே? (அக்கரைப்பற்று வாசகர்)

சிலிண்டரின் அடிப்பக்கத்துப் பின் என்றால் நெருப்பே வேண்டாம். உள்ளே அடைபட்ட ஒயில் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறும், ரப்பர் சீல்களோ 100 பாகை தாண்டினாலே கெடத் தொடங்கும். தண்டுப் பக்கத்துக் காதுக்கு மட்டும், தண்டில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சமாகச் சூடு கொடுக்கலாம். ஒரு பின்னுக்காக சிலிண்டரைப் பணயம் வைக்காதீர்கள், ஊற வைத்து மரைக்கம்பியால் இழுப்பதே நல்லது.

கேள்வி: உழவு இயந்திரத்து டொப் லிங்க் (பின்னால் பூட்டும் கருவியை மேலே பிடிக்கிற, நீளம் மாற்றும் கம்பி) சுற்றவே இல்லை. வயல் வேலை வரப்போகிறது. (கிரான் விவசாயி)

நடுக்குழாயின் ஒரு முனை வலப்புரி மரை, மறுமுனை இடப்புரி. இது தெரியாமல் இரண்டையும் ஒரே பக்கம் முறுக்குகிறவர்கள் அதிகம். கழற்றி எடுத்து, நெட்டாக நிறுத்தி, மேல் மரையில் டீசல் விட்டு ஒருநாள் வையுங்கள், மறுநாள் தலைகீழாக. இரண்டு முனையும் மூடியிருக்கும்போது நடுக்குழாயைச் சுடாதீர்கள், உள்ளே தண்ணீர் இருந்தால் ஆவி அழுத்தத்தில் வெடிக்கும். ஒரு முனை கழன்று வாய் திறந்த பிறகு, டீசலைத் துடைத்துவிட்டு மற்றதற்கு வைக்கலாம்.

கேள்வி: பின் வந்துவிட்டது, தேய்ந்திருக்கிறது. லேத்தில் கிடைத்த இரும்பில் ஒன்று கடைந்து போடவா? (சம்மாந்துறை வாசகர்)

கட்டடக் கம்பி மாதிரி மெதுவான இரும்பு சீக்கிரம் தேய்ந்து வளையும். ஈஎன்19 போன்ற உறுதியான கலப்பு இரும்பில் கடைந்து, மேல்தோலைக் கடுமையாக்கிப் போடுங்கள். கிறீஸ் போகிற ஓட்டையையும் பள்ளத்தையும் மறக்காமல் வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிறீஸ் கன் எவ்வளவு அழுத்தினாலும் புஷ்ஷுக்குப் போகாது. மொலிப்டினம் கலந்த, கடும் அழுத்தம் தாங்கும் ஈபி2 கிறீஸ் போடுங்கள். வேலை நாளில் தினமும் ஒரு தடவை, உப்புத் தண்ணீரில் இறங்கிய நாளில் அன்று மாலையே, புதுக் கிறீஸ் ஓரத்தால் வெளியே வரும் வரை.