ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

டேட்டாபேஸ் கேள்வி – பதில்

எங்கள் அலுவலகத்தில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் ஒன்றும், அதில் நடக்கும் மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா சர்வர் ஒன்றும் ஓடுகின்றன. "டேட்டாதான் இரண்டு இடத்தில் இருக்கிறதே, ராத்திரி பேக்கப் எடுத்து ஏன் சர்வரை இழுக்க வைக்கிறீர்கள்?" என்கிறார் மேலாளர். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

யாராவது நிபந்தனை போட மறந்து ஒரு டேபிளில் டெலீட் கொடுத்துவிட்டால் ரெப்ளிகாவில் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். அதே டெலீட் அடுத்த நொடியே அங்கேயும் ஓடிவிடும். மெஷின் படுத்தால்தான் ரெப்ளிகா கைகொடுக்கும். மனுஷன் கை தவறினால் கொடுக்காது.

சர்வர் இழுக்கிறது என்றால் பேக்கப்பை ரெப்ளிகாவிலிருந்து எடுங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கட்டளையைக் கொடுக்கும்போது சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனைச் சேர்த்தால் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் இப்போது இயல்பாகப் பயன்படுத்தும் சேமிப்பு முறை) டேபிள்கள் பூட்டப்படாது. மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையில் டேபிள்கள் மிச்சம் இருந்தால் அவற்றுக்கு இது உதவாது.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடுகளைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அவர்களுடையது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ். ரெப்ளிகாவைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், மெயின் சர்வரில் இருக்கிறோம் என்று தெரியாமல் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அந்த இடம் காலி! சர்வர் 9.6, பேக்கப் எடுத்த டூலோ 9.2, பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் ஏற்கவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) மானத்தைக் காப்பாற்றியது.

அதனால் மாதம் ஒருமுறை பழைய மெஷின் ஒன்றில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். கடைசி பில் எண் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள். சர்வர் விழுந்த அன்று முதலாளி கேட்கப்போவது அதைத்தான். மெயின் சர்வரின் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வைப்பது என் வழக்கம். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

டிஸ்க் நிரம்பிவிட்டது. பைனரி லாக் ஃபைல்களை நேரடியாக அழிக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

வேண்டவே வேண்டாம். டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் இந்த ஃபைல்களின் பட்டியலை மைஎஸ்க்யூஎல் தன் இண்டெக்ஸ் ஃபைலில் வைத்திருக்கிறது. நீங்கள் அழித்தது அதற்குத் தெரியாது. ரெப்ளிகா எந்த ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தையவற்றை 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் நீக்குங்கள். கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு உருவானவற்றை அழிக்காமல் விட்டுவிடுங்கள். பேக்கப் எடுத்த நேரத்துக்கும் விபத்து நேரத்துக்கும் நடுவில் உள்ள பில்கள் அவற்றில்தான் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் லாக்குகள் 30 நாள் தங்கும் என்பது இயல்பான அமைப்பு. டிஸ்க் சிறியதென்றால் குறைத்துக்கொள்ளலாம்.

64 ஜிபி ரேம் போட்டும் வேகம் கூடவில்லையே?
– ஒரு வாசகர், மதுரை

இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) இன்னும் 128 எம்பியில் கிடக்கிறதா பாருங்கள். மாற்றாவிட்டால் அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளும். அந்த மெஷினில் டேட்டாபேஸ் மட்டுமே ஓடுகிறதென்றால் 40 ஜிபி தாராளமாகக் கொடுக்கலாம். அப்புறம் ஸ்லோ குவெரி லாகை (நேரம் பிடிக்கும் குவெரிகளின் பதிவை) ஆன் செய்து, 10 நொடி வரம்பை 1 நொடியாக்குங்கள். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாத ஒரு குவெரி அதில் மாட்டும்.

தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகப் பதிவாகின்றன. இமோஜி வந்தால் மட்டும் எரர். ஏன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

உங்கள் டேபிள், எழுத்துகளைச் சேமிக்கும் பழைய முறையான யூடிஎஃப்8-இல் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் அது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக்குறிகள் சரியாக 3 பைட், அதனால் தப்பித்தீர்கள். இமோஜிக்கு 4 வேண்டும். யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும் என்பதால் பேக்கப் எடுத்துவிட்டு, பில் போடும் நேரம் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.